காவல் அடங்கும் வரை

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது துலுக்காணம், யாரோ சொன்ன சேதியைக் கேட்டு அசந்துபோய் உட்கார்ந்திருப்பவர் மாதிரித்தான் டாக்டர் ஜாஸ்மினுக்குத் தெரிந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் இமை கொட்டவில்லை. வாயோரம் எச்சில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியிராத, கடலில் வலை இழுத்து உரமேறிய உடம்பு. அந்த உடம்பு அப்படியே ஒரு மரப்பெட்டி போல நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது.

அவர் மனைவி அங்காளம்மா கோவளத்தில் மீன் விற்பவள். மூன்று பஸ் மாறித் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும் குரலில் இல்லை.

"ஜொரம் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது டாக்டரம்மா. மனுசனைத்தான் காணோம்" என்றாள்.

அது 2006 கடைசி. மழைக்காலத்தில் வந்த மூளைக்காய்ச்சல். கொசு கடித்து வருவது. வேறொரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்திருந்தார். பிழைத்தவருக்குக் காய்ச்சல் விட்டது, நினைவு வந்தது, பேர் கேட்டால் சொல்ல வந்தது. ஆனால் நகர வரவில்லை.

ஜாஸ்மின் அவர் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். துருப்பிடித்த பல்சக்கரம் சுற்றுவது போல விட்டு விட்டு மடங்கியது. எழுந்து நிற்கச் சொன்னாள். இரண்டு பேர் தூக்கிவிட நின்றார். "நடங்க" என்றாள். அவர் காலைப் பார்த்தார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல் துடித்தது, கிளம்பவில்லை.

"புரியுதா நான் சொல்றது?"

"புரியுது" என்றார் துலுக்காணம். காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும் குரல். "காலுக்குத்தான் புரியல."

ஜாஸ்மின் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். உள்ளே ஆள் முழுசாக இருந்தார். வெளியே வரத்தான் வழியில்லை.

ஸ்கேன் படத்தை அவளும், நரம்பியல் துறைக்குத் தலைவரான டாக்டர் தோத்தாத்ரியும் வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார்கள். மூளையின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு மெல்லிய பட்டை உண்டு. உடம்பு அசைவதற்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. துலுக்காணத்துக்கு அந்த இடம் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

"சரியா அங்கேயே அடிச்சிருக்கு" என்றார் தோத்தாத்ரி. "மாத்திரை ஆரம்பி. குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லிடு. இனிமே இப்படித்தான்னு."

"சார், இதுல எவ்வளவு செல் செத்துப்போச்சு, எவ்வளவு சும்மா வாயடைச்சுப்போய் இருக்குன்னு படத்துல தெரியாதே."

"தெரியாது. தெரியாதுங்கறதனால நல்லதுன்னு நினைச்சுக்கலாமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் இல்லை. நம்பிக்கை கொடுத்துப் பிறகு அது பொய்யாகிப்போன குடும்பங்களை நிறையப் பார்த்தவர். "அந்தம்மா உன் வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஜாக்கிரதையாப் பேசு."

ஜாஸ்மினுக்கு அவர் சொன்னதில் குற்றம் தெரியவில்லை. ஆனால் போன வருஷம் ஒரு கருத்தரங்கில் பார்த்த ஒரு சின்னப் படம் அவள் மனசிலிருந்து இறங்க மறுத்தது. உயிரோடிருக்கும் ஓர் எலியின் மண்டையோட்டை ஓரிடத்தில் மட்டும் தாள் மாதிரி இழைத்து, அதன் வழியாக மூளைக்குள்ளே பார்த்து எடுத்த படம். நரம்புச் செல்களை அல்ல, அவற்றுக்கு நடுவே இருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களை எடுத்திருந்தார்கள்.

அவள் படித்த புத்தகங்களெல்லாம் அந்தச் செல்களைத் தூங்குபவை என்றுதான் சொல்லியிருந்தன. மூளைக்கு ஏதாவது வந்தால்தான் முழித்துக்கொள்ளும், மற்ற நேரம் சும்மா கிடக்கும் என்று. படத்தில் ஒன்றுகூடச் சும்மா இல்லை. சின்ன உடம்பை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, மயிரிழை போன்ற கைகளை நாலாபக்கமும் நீட்டி, இழுத்து, வேறு பக்கம் நீட்டி, பக்கத்திலிருந்த நரம்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று போகவில்லை. எந்த மூலையும் தொடாமல் விடப்படவில்லை. ஓர் இடத்தில் ஊசி முனையளவு காயம் உண்டாக்கியதும், சுற்றியிருந்த அத்தனை செல்களும் கைகளை அந்தப் பக்கம் திருப்பிக் காயத்தைச் சூழ்ந்து மூடிக்கொண்டன. அரங்கத்தில் விளக்கு போட்ட பிறகும் ஜாஸ்மின் எழுந்திருக்கவில்லை. தன் தலைக்குள்ளும் இது இந்த நிமிஷம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது, ஒரு பெரிய வீட்டில் அடையாளம் தெரியாத யாரோ தனக்காக விளக்கேற்றி வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அதே செல்கள் பகையைக் கண்டால் மாறிப்போகும். கையைச் சுருக்கிக்கொண்டு உடம்பு பருக்கும். கிருமியைக் கொல்லக் காரமான ரசாயனங்களைக் கக்கும். அந்தக் காரம் பக்கத்திலிருக்கும் நல்ல நரம்பையும் வாட்டும். மூளையில் அவை நெருக்கமாகக் குடியிருக்கும் இடங்களில் அந்தக் கறுப்புப் பட்டையும் ஒன்று. கிருமி போன பிறகும் அவை அடங்க வாரக்கணக்கில், மாசக்கணக்கில் ஆகலாம். அடங்கினால், வாடிய நரம்புகளில் எத்தனை நிமிரும்? அதுதான் யாருக்கும் தெரியாது.

அங்காளம்மாவை அவள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்து இதைச் சொல்லப் பார்த்தாள். ரசாயனம், செல் என்று ஆரம்பித்து அவளுக்கே சலித்தது.

"அங்காளம்மா, சுனாமி வந்தப்ப நீங்க கோவளத்துலதானே இருந்தீங்க?"

"வேற எங்க போறது? எங்க வூடு மொத வரிசை. மேட்டுக்கு ஓடனோம்."

"தண்ணி எப்ப திரும்பிப் போச்சு?"

"அன்னிக்கே போயிட்சி. ஆனா எங்கள உள்ள வுட்டாதானே? போலீஸு கயிறு கட்டிட்டாங்க. மறுபடியும் அலை வருதுன்னு எவனோ கெளப்பி வுட்டுட்டான். எங்க வூட்டுக்கு நாங்க போறதுக்கு அடி வாங்கனோம். படகு கெடக்குதா இல்லியான்னு பாக்கக்கூட வுடல."

"கெட்டது பண்ணணும்னு தடுத்தாங்களா?"

"இல்ல. எங்க நல்லதுக்குத்தான். ஆனா எங்களுக்குப் பேஜாரு."

"உங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள இப்ப அதுதான் நடக்குதுன்னு நான் நினைக்கிறேன். கிருமி போயிடுச்சு. காவலுக்கு வந்தது இன்னும் கயிற்றை அவிழ்க்கல. கையையும் காலையும் ஓட்டற நரம்பு வேலைக்குத் திரும்ப முடியல. சிலது செத்திருக்கும், அது வராது. மிச்சம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"அதுங்கள தொரத்திட முடியாதா?" என்று கேட்டாள் அங்காளம்மா.

"தொரத்திட்டா அப்புறம் மூளையை யார் பார்த்துக்கறது? அதுங்க இல்லன்னா அவர் பிழைச்சே இருக்க மாட்டார்."

"அப்ப அடங்கறவரைக்கும் காத்துகினு இருக்கணும்."

"ஆமா. சும்மா காத்திருக்கக் கூடாது. உடம்பை இறுகவிடாம அசைச்சுக்கிட்டே இருக்கணும்."

மாத்திரை கொஞ்சம் இளக்கியது. தானாக எழுந்து உட்கார்ந்தார், சோற்றைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச்சொல்லியிருந்தது. ஒரு முறை வந்தார்கள். அப்புறம் வரவில்லை.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ஜாஸ்மின் வண்டலூரில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போய் இறங்கினாள். மீன் ஏலம் முடிகிற நேரம். அங்காளம்மா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பஸ்ஸுப் படியாண்ட நின்னுட்டாரு டாக்டரம்மா. ஏறவும் வரல, எறங்கவும் வரல. பின்னாடி நிக்கறவங்க சத்தம் போடறாங்க. கண்டக்டர் குடிச்சிட்டு வந்துகீறான்னு சொல்றான். அவரு காதுல அது வுழுது, திருப்பிப் பேச முடியல. அதுக்கு மேல அவர இட்டாற எனக்கு மனசு வரல."

துலுக்காணம் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். முகம் அதே முகம். பக்கத்தில் அவர் தம்பி பரணி வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் இல்லாமல் படகை அவன்தான் ஓட்டுகிறான். "அண்ணன் பாக்குறாரு, நான் தப்பா முடிச்சுப் போட்டாகூட ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா கீது" என்றான்.

ஜாஸ்மின் துலுக்காணத்தை எழுப்பி ஈரமணலுக்கு நடத்தப் பார்த்தாள். இரண்டு தப்படி போய்க் கால் ஒட்டிக்கொண்டது. அவள் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, அவர் முன்னால் மணலில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். ஒரு தப்படி தள்ளி இன்னொன்று. அப்படியே வரிசையாகப் போட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்தாள்.

"நடக்கணும்னு நினைக்காதீங்க. கோட்டைத் தாண்டுங்க, போதும்."

துலுக்காணம் கோட்டைப் பார்த்தார். கால் எழும்பியது. தாண்டினார். அடுத்ததைத் தாண்டினார். வலையை உதறிக்கொண்டிருந்த பரணி கையை நிறுத்தினான். கோடு முடிகிற இடம் வரை அவர் ஒழுங்காக நடந்து போய், முடிந்ததும் மறுபடி நின்றார். ஓர் அலை அவர் கால்வரை ஓடி வந்தது. அதையும் ஒரு கோடு என்று எடுத்துக்கொண்டு தாண்டி அந்தப் பக்கம் நின்றார்.

அங்காளம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இது இன்னா வித்தை டாக்டரம்மா?"

"வித்தை இல்ல. நாமளா நினைச்சு நடக்கறதுக்கு அந்தக் கெட்டுப்போன இடம் வேணும். கண்ணால பார்த்துத் தாண்டறதுக்கு மூளையில வேற பாதை இருக்கு. அது கெடல. அது வழியாப் பழக்குங்க."

இதைச் சொல்லும்போது ஜாஸ்மினுக்கே பிரமிப்பாக இருந்தது. புத்தகத்தில் படித்தது, முன்பு வயசான நோயாளிகளிடம் செய்து பார்த்தது. ஆனாலும் ஒரு கோடு போட்டதும் அடைத்துக் கிடந்த ஒரு மனுசன் எழுந்து நடந்து வருவதை வெயிலில், கடலுக்கு முன்னால் நின்று பார்ப்பது வேறாக இருந்தது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியை வைத்திருக்கிற அந்த மூளையைக் கும்பிடலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து அங்காளம்மா கோடு போட ஆரம்பித்தாள். ஏலம் முடிந்ததும் கடற்கரையில் குச்சியைப் பிடித்துக் குனிந்தவள், இடுப்பு பிடித்துக்கொள்ளும் வரை நிமிர மாட்டாள். அலை அழிக்கும், திரும்பப் போடுவாள். கூட மீன் விற்கிற பெண்கள் முதலில் கேலி பேசினார்கள். பிறகு அவள் உட்கார்ந்த நேரம் அவர்கள் குச்சியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளே கோலமாவால் படுக்கையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து குளியல் தட்டி வரை கோடு கோடாக இழுத்து வைத்தாள். யாராவது மிதித்து அழித்துவிட்டால் அவ்வளவுதான், அந்தத் தெருவே கேட்கும்படி திட்டு விழும். பஸ் படியை ஏறுவதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். முன்னால் ஏறி நின்று, தன் செருப்பை ஒவ்வொரு படியிலும் குறுக்கே வைத்தாள். அவர் செருப்பைத் தாண்டித் தாண்டி ஏறினார்.

அப்படித்தான் மறுபடி தாம்பரம் வரத் தொடங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜாஸ்மின் பரிசோதித்தபோது உடம்பின் இறுக்கம் அப்படியே இருந்தது. கோடு இருந்தால் நடை, இல்லாவிட்டால் சிலை. மாசி மாசத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் விழுந்து நெற்றி கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தார். தையலுக்குக் கீழே முகம் அதே அசையாத முகம். வலித்ததா என்று கேட்டால் "வலிச்சிது" என்ற அந்தக் குரல்.

அன்றைக்கு ஜாஸ்மினுக்குத் தோத்தாத்ரி சொன்னது உறைத்தது. இந்தப் பெண்ணைக் கோடு போடவைத்து, காவல் அடங்கும் என்று கதை சொல்லி ஏமாற்றிவிட்டோமோ என்று பட்டது. அங்காளம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

"நான் சொன்னது நடக்காமலே போகலாம் அங்காளம்மா. நீங்க என்னை நம்பி..."

"நீங்க நல்லாயிடும்னு எப்ப சொன்னீங்க?" என்றாள் அங்காளம்மா. குரலில் வருத்தம் இல்லை. "தெரியாதுன்னுதான சொன்னீங்க. அத்த நான் நல்லா கேட்டுகினேன். மொத ஆஸ்பத்திரில எல்லாம் தெரியும்னு சொன்னாங்க, இவரு இப்படியேதான்னு. நீங்க தெரியாதுன்னீங்க. எனக்கு அது போதும். கோடு நான்தான போடறேன், உங்க இடுப்பா வலிக்குது?"

ஜாஸ்மினுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இவ்வளவு படித்தும் தெரியாது என்ற வார்த்தையைச் சொல்லும்போது தனக்குக் கூச்சமாக இருந்ததை நினைத்துக்கொண்டாள். அதையே பிடித்துக்கொண்டு ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி போனுக்கு அழைப்பு வந்தது. பொதுத் தொலைபேசிக் கடையிலிருந்து அங்காளம்மா. பின்னால் பஸ் சத்தம்.

"டாக்டரம்மா, என்னத் திட்டிட்டாரு."

"என்னது?"

"எங்கூட்டுக்காரு. வஞ்சிரத்த கம்மியா ஏலம் வுட்டுட்டேன். பக்கத்துல உக்காந்துகினு இருந்தாரு. என்னாமே, கண்ணு தெரியலியா உனக்குன்னு சத்தமா கேட்டுட்டாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "அது இல்ல சேதி. மூஞ்சி டாக்டரம்மா. புருவம் சுருங்கி, மூக்கு வெடைச்சிகினு, பழைய கோவம். அவரு மூஞ்சி வந்துட்சி."

ஜாஸ்மின் போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

முகம்தான் முதலில் வந்தது. அடுத்தது குரல். அப்புறம் வலது கை. ஆனி மாசம் தாம்பரம் வந்தபோது பஸ்ஸிலிருந்து செருப்பு வைக்காமலேயே இறங்கியதாகப் பரணி சொன்னான். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். தோத்தாத்ரி பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பளிச்சென்றிருந்த வெள்ளை, வலப்பக்கம் ஒரு சின்னத் தழும்பை விட்டுவிட்டு மற்றபடி மங்கிப்போயிருந்தது. அவர் எழுந்து வெளியே போய், துலுக்காணத்தைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டார். திரும்பச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். இடது கை மட்டும் கொஞ்சம் சோம்பியது.

"அந்தம்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"கோடு போட்டாங்க சார். தினமும்."

"கோடு போட்டா மூளையில வீக்கம் வடியாது ஜாஸ்மின்."

"வடியாது சார். வடியறவரைக்கும் உடம்பு மறந்துபோகாம இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்வேன். இதே மாதிரி இருக்கற அடுத்தவருக்கு வடியுமான்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையசைத்தார். பிறகு, "நீ ஒரு எலிப் படம் பத்திச் சொல்லிட்டே இருப்பியே. இருக்கா?" என்றார்.

இருந்தது. அவர் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். சாம்பல் திரையில் பச்சைப் புள்ளிகள் மெல்லிய கைகளை நீட்டின, இழுத்தன, வேறு திசையில் நீட்டின. தோத்தாத்ரி மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"முப்பது வருஷமா இதைச் சும்மா கிடக்குதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "எவ்வளவு மரியாதையாத் தொட்டுப் பார்க்குது பாரு, ஒவ்வொரு நரம்பையும்."

மூன்றாவது தடவையும் பார்த்தார்கள். வெளியே அடுத்த நோயாளி காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆவணி வாக்கில் நிறுத்தினாள். துலுக்காணம் முழுக்கப் பழைய ஆள் ஆகவில்லை. இடது கை கடைசி வரை ஒரு நொடி பின்தங்கியே வந்தது. சட்டைப் பொத்தானை அங்காளம்மாதான் போட்டுவிட்டாள். ஆழக் கடலுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று ஜாஸ்மின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தம்பியோடு போகலாம் என்றாள்.

அவர் முதல் தடவை போகிற அன்று விடிந்ததும் அவள் கோவளத்தில் இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை தூக்கும் நேரம் பார்த்து ஏற வேண்டும். முந்தினால் கவிழும், பிந்தினால் படகு போய்விடும். அதை யோசித்துச் செய்ய முடியாது. பரணி உள்ளே ஏறி எஞ்சினைப் பிடித்தான். துலுக்காணம் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஓர் அலையை விட்டார். இன்னொன்றையும் விட்டார். அங்காளம்மா ஜாஸ்மினின் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் கத்தி பிடித்துக் காய்த்த கை, வலித்தது.

மூன்றாவது அலை படகைத் தூக்கியபோது அவர் அதற்குள் இருந்தார். எப்படி ஏறினார் என்று ஜாஸ்மின் பார்க்கத் தவறிவிட்டாள். அவ்வளவு சாதாரணமாக நடந்தது. பரணி ஏதோ சொல்ல, அவர் திரும்பி அவனை அதட்டுவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. எஞ்சின் சத்தம் அதை மூடியது.

அங்காளம்மா கையை விட்டாள்.

"சாப்டீங்களா டாக்டரம்மா?" என்றாள். "வாங்க, வூட்ல இட்லி கீது."

இருவரும் மணலேறி நடந்தார்கள்.